ஆதார் பதிந்ததும் எண் ஏன் உடனே வருவதில்லை?

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்புக்கு வந்தவர்களுக்கு ஆதாரில் முகவரி மாற்றுவது பழகிப்போன வேலை. ஆனால் முதல்முறை பதிகிறவர் எண்ணுக்காகவே நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

காரணம், எண் கொடுக்கும் அதிகாரம் பதிவு மையத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை. பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, முகப்படம் எல்லாவற்றையும் எடுத்து அனுப்புவதோடு அவர் வேலை சரி. மத்தியக் கணினி அதை ஏற்கெனவே பதிந்த நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிடும். ஒரே ஆள் இரண்டு பெயரில் நுழைந்துவிடக் கூடாதே! சித்தாள் வேலை பார்ப்பவருக்கு சிமெண்டில் விரல் தேய்ந்து ரேகை மங்கியிருக்கும். அங்கே கருவிழி கைகொடுக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டுமே எடுப்பதில்லை. பெற்றோர் ஒருவரின் ஆதாரோடு இணைத்துவிடுவார்கள்.

ஒப்புதல் கிடைத்தால் 12 இலக்க எண். இதில் கடைசி இலக்கம் காவல்காரன். டச்சுக் கணிதவியலாளர் வெர்ஹோஃப் 1969இல் வெளியிட்ட முறைப்படி மற்ற 11 இலக்கங்களிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஓர் இலக்கம் தப்பானாலோ, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலோ கணக்கு இடிக்கும்.

ஆனால் எண் உங்களுடையதுதானா என்பது அந்தக் கடைசி இலக்கத்துக்குத் தெரியாது. அதைச் சரிபார்க்கத்தான் கைபேசிக்கு வரும் ஓடிபி. அது பழைய சிம்முக்குப் போய்ச் சேராதபடி, முகவரியோடு கைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள்.