ஊதாக் குழாயில் வாய் வைக்காதீர்கள்!

வெயில் மண்டையைப் பிளக்கிறது. பூங்காவில் குழந்தை 'தண்ணி, தண்ணி' என்று அரற்றுகிறது. பக்கத்திலேயே புல்வெளிக்குத் தண்ணீர் விடும் குழாய். தண்ணீரும் பளிங்கு மாதிரி இருக்கிறது. பிடித்துக் கொடுப்பீர்களா?

அந்தப் பூங்கா அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இருந்தால் கொடுக்கவே கூடாது! அது அந்த ஊர்ச் சாக்கடை நீரைச் சுத்திகரித்துத் திருப்பி அனுப்பும் தண்ணீராக இருக்கலாம்.

'அய்யே' என்று முகம் சுளிக்க வேண்டாம். டூசான் பாலைவன ஊர். வருஷம் பூராவும் பெய்யும் மழை சராசரியாக 11 அங்குலம்தான். நல்ல குடிநீரைப் புல்லுக்குக் கொட்ட யாருக்கு மனசு வரும்? அதனால் 1984 முதல் தனிக் குழாய் போட்டு, பூங்கா, பள்ளி மைதானம், கோல்ஃப் திடல், சில வீட்டுத் தோட்டங்கள் என்று இந்த நீரைக் கொடுக்கிறார்கள். 2019-ல் வறண்டு கிடந்த சான்டா குரூஸ் ஆற்றிலும் விட்டார்கள்.

கழிவைக் கிருமிகளே தின்று தீர்க்க விட்டு, வடிகட்டி, குளோரின் கலக்கிறார்கள். பள்ளி மைதானத்துக்குப் போகும் 'ஏ' வகை நீரில் மலக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கடுமையான விதி உண்டு. கடைசி ஏழு தினசரிச் சோதனைகளில் நான்கிலாவது ஒரு கிருமிகூடத் தென்படக் கூடாது. எந்த நாளிலும் 100 மில்லியில் 23-ஐ எட்டக் கூடாது. அப்படியானால் மீதி மூன்று நாள் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை என்றுதானே அர்த்தம்? புல்லுக்கு அது போதும். உங்கள் வயிற்றுக்குப் போதாது.

நீச்சல் குளத்துக்கும் தடை. முங்கிக் குளித்தால் ஒரு வாயாவது உள்ளே போகுமே! ஏர் கூலரில் ஊற்றவும், குளிர்ச்சிக்காகச் சாரலாகத் தூவவும் தடை. இது பலருக்குத் தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். குடிப்பதைவிட, மெல்லிய சாரலோடு மூச்சில் போனால்தான் ஆபத்து. நேரே நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டு விடும்.

என்னைக் கேட்டால், தண்ணீரைவிடப் பயப்பட வேண்டியது குழாய்க்குத்தான். ஒரே வீட்டில் இரண்டு தண்ணீர் ஓடும்போது பிளம்பர் கை தவறி இரண்டையும் இணைத்துவிட்டால்? பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாசனையும் காட்டிக்கொடுக்காது. குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறைந்தால், மற்றது உள்ளே புகுந்துவிடும். அதற்காகத்தான் குழாய்க்கு ஊதா நிறம், 'குடிக்காதே' என்ற பலகை, கண்டவர்கள் திறக்காதபடி குழாய்க்குப் பாதுகாப்பு எல்லாம். ஒரு லைனை மூடிவிட்டு, அதில் வரக்கூடாத தண்ணீர் வருகிறதா என்று சோதித்தும் பார்ப்பார்கள்.

சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீராகவே மாற்ற 2025-ல் அரிசோனா விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அது இன்னும் பல கட்டச் சுத்திகரிப்பு. ஊதாக் குழாய்த் தண்ணீர் வேறு. பேரன் பேத்தியைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தோட்டத்துக்கு விடுபவர்கள் உரத்தைக் குறைக்கலாம். தண்ணீரிலேயே நைட்ரஜன் கொஞ்சம் இருக்கும். ஆனால் உப்பும் கூடுதல். இலைமேல் அடிக்காமல் வேரடியில் விடுங்கள், இல்லாவிட்டால் இலை ஓரம் கருகும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டே சாப்பாட்டில் கை வையுங்கள்.