வீட்டு வாசலில் எது யாருடையது? கல்முனையில் நகரப் பணிகள் நடக்கும் விதம்

கல்முனை மாநகர எல்லைக்குள் ஒரு வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் வீதி, வடிகான், குடிநீர்க் குழாய், மின்கம்பம், தெருவிளக்கு ஆகிய ஐந்தும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் இல்லை. குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு உரியது. கம்பமும் கம்பியும் மின்சார சபையுடையவை; அதே கம்பத்தில் தொங்கும் விளக்கைப் பராமரிப்பது மாநகர சபை. வீதியும் அதன் ஓர வடிகானும், அது எந்த வகை வீதி என்பதைப் பொறுத்து மூன்று நிறுவனங்களில் ஒன்றைச் சேரும். முறைப்பாட்டை எங்கே கொடுப்பது என்பதை இந்தப் பங்கீடுதான் தீர்மானிக்கிறது.

சபையும் எல்லையும்

வடக்கே பெரியநீலாவணையிலிருந்து தெற்கே சாய்ந்தமருது வரை, கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலம்தான் மாநகரம். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை, சேனைக்குடியிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி எல்லாம் இதற்குள் அடங்கும். ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழ்கிறார்கள். கல்முனைப் பட்டின சபை, கரவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகள் என முன்பு தனித்தனியாக இருந்தவை, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தோடு ஒரே சபையாயின. 2001இல் அது மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை அமைக்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகிச் சில நாள்களிலேயே நிறுத்தப்பட்டது.

பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள் ஆகிய மூன்றையும் சபையின் கடமைகளாக 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் வகுக்கிறது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்துக்குப் பின் உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாணத்தின் வேலை. 2018இல் தெரிவான சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி நாடெங்கும் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் கல்முனை சேர்க்கப்படவில்லை. வட்டார உறுப்பினர் இல்லாத காலத்தில், அவரிடம் சொல்லி நடத்திக்கொண்ட வேலைகளுக்கும் மக்கள் மாநகர ஆணையாளரின் அலுவலகத்துக்கே போக வேண்டியிருக்கிறது.

வீதி

நகரின் நடுவே ஓடும் பிரதான வீதி, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையின் துண்டு. ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி வகை வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. மற்ற உள்ளக வீதிகளும் ஒழுங்கைகளும் மாநகர சபையுடையவை. பிரதான வீதியில் விழுந்த குழிக்காக மாநகர சபையில் கடிதம் கொடுத்தால் அது உரிய இடத்துக்குப் போய்ச் சேரவே நாள்கள் கழியும்.

உள்ளக வீதியானால் வேலை இப்படி நகரும்: கோரிக்கை பொறியியல் பிரிவுக்குப் போகும், தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்துக்கு வந்து அளந்து மதிப்பீடு தயாரிப்பார், நிதி ஒதுக்கப்பட்ட பின் சபை தானாகவோ ஒப்பந்தகாரர் மூலமாகவோ வேலையைச் செய்யும். பணம் சபையின் சொந்த வருமானத்திலிருந்தும் வரலாம், மாகாண நிதியிலிருந்தும் வரலாம், பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட ஒதுக்கீட்டிலிருந்தும் வரலாம். ஒரே ஊரில் ஒரு வீதி காபட்டும் அடுத்தது கொங்கிரீட்டும் அதற்கடுத்தது கிறவலுமாகக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வடிகானும் தோணாவும்

இந்தக் கரையில் எல்லாப் பொதுப் பணிகளும் கடைசியில் தண்ணீரில் வந்து முட்டும். நிலம் தட்டை, கடல் மட்டத்துக்கு மேலே அதிகம் உயரவில்லை. வடகீழ்ப் பருவக்காற்று நவம்பர் முதல் ஜனவரி வரை ஆண்டு மழையின் பெரும்பங்கைக் கொட்டும்போது, மேற்கே வயல்களில் நிறைந்த நீரும் ஊரின் நீரும் ஒரே திசையில், கடலை நோக்கி வருகின்றன. அவற்றை வாங்கிக்கொள்வது தோணா. ஊருக்குள் வளைந்து கிடக்கும் இந்த இயற்கை நீரோடைகளில் சாய்ந்தமருதுத் தோணாவும் ஒன்று.

தோணாவின் வாய் ஆண்டின் பெரும்பகுதி மூடியே இருக்கும். அலை கொண்டுவந்து போடும் மணல் அங்கே ஒரு திட்டாக உயர்ந்து நிற்கும். மழை பிடித்ததும் உள்ளே நீர்மட்டம் ஏறும். கரையோர வீட்டு வளவுகளில் முதலில் தண்ணீர் தெரியும். அப்போது பெக்கோ இயந்திரம் வந்து திட்டின் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டும். முதலில் வெட்டு ஒடுக்கமாகத்தான் இருக்கும். உள்நீர் கடலைவிட உயரமாக நின்றால் அதுவே மணலை அரித்து வாயை அகலமாக்கிக்கொள்ளும். உயரம் போதாத நேரத்தில் வெட்டினால் அலை திரும்ப மணலைப் போட்டு அடைத்துவிடும். பிந்தினாலோ வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும். கடற்கரை, 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால், முகத்துவாரம் வெட்டுவது மாநகர சபை தனியே முடிவெடுக்கும் வேலையன்று. பிரதேச செயலகம் உள்ளிட்ட பல அலுவலகங்கள் சேர வேண்டும்.

தோணாவுக்குள் சல்பீனியா என்னும் நீர்க்களை பாயைப்போலப் படர்ந்து நீரோட்டத்தை மறிக்கிறது. அதன்மேல் பொலித்தீன் பைகளும் வீட்டுக் குப்பையும் சேர்கின்றன. வடிகானின் மேல் கடை வாசலுக்காகப் போட்ட கொங்கிரீட் மூடி இன்னொரு தடை. அதைக் கழற்ற முடியாவிட்டால் தொழிலாளி உள்ளே மண்வெட்டியை இறக்க முடியாது. வீதிக்கு மேல் வீதியாகக் கொங்கிரீட் போட்டு உயர்த்திய இடங்களில் வளவு பள்ளமாகிவிட, முன்பு வீதிக்கு ஓடிய நீர் வளவுக்குள் திரும்புகிறது. தேங்கிய நீர் டெங்கு நுளம்புக்கு இடம் கொடுப்பதால், வடிகான் துப்புரவு பொறியியல் வேலையாக இருப்பதோடு சுகாதார வேலையாகவும் ஆகிறது.

குப்பை

திண்மக்கழிவைச் சபையின் உழவு இயந்திரங்களும் கொம்பெக்டர் லொறிகளும் முறை வைத்துச் சேகரிக்கின்றன. உக்கும் கழிவையும் உக்காத கழிவையும் வீட்டிலேயே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது விதி. நெருக்கமான இந்த ஊரில் குப்பை கொட்ட வெற்றுக்காணி இல்லை. அதனால் கழிவு அட்டாளைச்சேனைப் பக்கத்துப் பள்ளக்காட்டுக்குப் போகிறது. பல ஊர்களின் குப்பையும் சேரும் அந்த இடத்தில், முந்தைய எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 காட்டு யானைகள் பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 ஜனவரியில் உலகச் செய்தி நிறுவனங்கள் எழுதின. சோறு ஒட்டிய பையின் வாசனைக்குத்தான் யானை வருகிறது. சமையலறையில் சோற்றையும் பையையும் பிரித்தால் அந்த வாசனையும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நாள்களில் கழிவின் தன்மையே மாறிவிடும். உழ்ஹிய்யாவுக்கு அறுக்கும் மாடுகளுக்குச் சபையிடம் அனுமதி பெற வேண்டும். குடல், எலும்பு, தோல் ஆகியவற்றைப் பையில் கட்டி வாகனத்தில் கொடுக்கச் சபை தனி ஏற்பாடு செய்கிறது. இவற்றை வடிகானிலோ தோணாவிலோ கடற்கரையிலோ போட்டால் மறுநாளே ஊர் நாறும்.

மலக்குழி

வீடுகளில் மலசலகூடக் குழிதான் வழக்கம். நிலத்தடி நீர் மேலேயே கிடப்பதால் மாரியில் குழி சீக்கிரம் நிரம்புகிறது. கிணறு பக்கத்தில் இருந்தால் ஆபத்தும் கூடுகிறது. குழியை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசரைச் சபையில் கட்டணம் செலுத்திப் பதிந்து பெறலாம். மாரி தொடங்குமுன் பதிந்துகொள்வது நல்லது.

கட்டட அனுமதி

வீடோ மதிலோ கட்டுமுன் வரைபடத்துக்குச் சபையின் அனுமதி வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்படி வரைபடத்தைத் திட்டமிடல் குழு பார்க்கும். காணி உறுதி, நில அளவை வரைபடம், வீதிக்கோட்டுச் சான்றிதழ் முதலியவை கேட்கப்படும். வீதி பிற்காலத்தில் எவ்வளவு அகலமாகலாம் என்பதைக் காட்டுவது வீதிக்கோடு. அதைத் தாண்டி எழுப்பிய மதில், வடிகான் வேலை வரும்போது முதலில் உடைபடும். கட்டி முடித்தபின் இணக்கச் சான்றிதழும் பெற வேண்டும்.

வரி

இவ்வேலைகளின் செலவில் ஒரு பகுதி சோலைவரியிலிருந்து வருகிறது. வரி காலாண்டுக்கு ஒருமுறை. ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதம் கழிவு. காலாண்டின் முதல் மாதத்திலேயே அந்தக் காலாண்டுக்கானதைக் கட்டினால் 5 வீதம். சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் ஆகியவை மற்ற வரவுகள்.

முறைப்பாடு

குழாய் உடைந்தால் நீர் வழங்கல் சபையின் 1939, மின்கம்பி அறுந்தால் மின்சார சபையின் 1987, தீப்பிடித்தால் 110. தெருவிளக்கு எரியாவிட்டால் கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தையும் வீதியின் பெயரையும் குறித்து மாநகர சபைக்குக் கொடுக்க வேண்டும். ‘எங்கட தெருவில விளக்கு எரியுதில்ல’ என்று மட்டும் சொன்னால், ஏணி வண்டி எந்தக் கம்பத்தடியில் நிற்பது என்று தெரியாது. வீதி, வடிகான் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, திகதி முத்திரை பதித்த பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது உதவும். பதில் வராவிட்டால், மதிப்பீடு தயாரானதா, நிதி ஒதுக்கப்பட்டதா என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாள்களுக்குள் அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும்.