ஐதிஹ்யத்தில் உண்மை எவ்வளவு?

‘இதி ஹ’, அதாவது ‘இவ்வாறு வழங்கும்’ என்னும் தொடரிலிருந்து பிறந்தது ஐதிஹ்யம் என்னும் சொல். முதலிற் சொன்னவர் இன்னார் என்று அறியப்படாது வழிவழி வரும் செய்தி அது. அதனை முழுதும் கொள்ளுதலும் முழுதும் தள்ளுதலும் முறையல்ல என்பதற்குப் பெரியாழ்வார் வைபவமே சான்று.

ஓடைப்பட்டி முதலிய கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களையும் உள்ளடக்கிய பழைய பாண்டிநாட்டின் தலைநகரான மதுரையில், வல்லபதேவன் அவையில் ஆழ்வார் பரத்துவ நிர்ணயம் செய்து பொற்கிழி அறுத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. இதனுள் மூன்று கூறுகள் உள. பாண்டியர் தொடர்புக்கு ஆழ்வார் வாக்கே சான்று. நெடுமாறன் என்னும் பாண்டியனைத் திருமொழியில் பெயர் சுட்டிப் பாடுகின்றார். கிழியறுத்தமைக்குப் பாண்டியபட்டர் அருளிய தனியன் சான்று. அவதார காலமாகச் சொல்லப்படும் கலி 47ஆம் ஆண்டுக்கோ இத்தகைய சான்று இல்லை. அது கி.மு. 3055ஐ ஒட்டியது, ஆராய்ச்சியாளர் கொள்வதோ கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகள்.

ஆகவே ஒவ்வொரு கூற்றையும் அதனதன் சான்றுகொண்டே நிறுத்தல் வேண்டும். ஆண்டையும் அவையையும் ஒரே முடிச்சாகக் கட்டுவோர், ஆண்டு நழுவும்போது அவையையும் இழப்பர். பிரித்தறிவோர்க்கு ஆண்டு போயினும் ஆழ்வாரும் பாண்டியனும் எஞ்சி நிற்பர்.