ஊசி முதலில், ஸ்கேன் பிறகு

காய்ச்சல் விட்டுப் பத்து நாள் ஆகிறது. இருமல் அடங்கிவிட்டது, வாய்க்கு ருசி திரும்பியிருக்கிறது. ஒரு காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது இடது கெண்டைக்காலில் ஓர் இழுப்பு. படுத்தே கிடந்ததில் சதை பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறோம். வீட்டில் யாராவது தைலம் போட்டு அழுத்தி நீவிவிடுகிறார்கள். மறுநாள் கால் வீங்கி, தோல் பளபளவென்று விறைத்து, தொட்டால் சுடுகிறது.

இந்தக் காலோடு மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குழப்பம் காத்திருக்கிறது. “ரத்தக்கட்டி இருக்கலாம்” என்கிறார் மருத்துவர். ஸ்கேன் மறுநாள் காலையில்தான். ஆனால் அன்று இரவே வயிற்றில், தொப்புளுக்குச் சற்றுத் தள்ளி, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஓர் ஊசி போட்டுவிடுகிறார்கள். “இருக்கலாம் என்பதற்கே ஊசியா? இல்லையென்று ஆகிவிட்டால்?” என்று கூட வந்தவர் கேட்கிறார். நியாயமான கேள்வி.

அதற்கு 1960இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பாரிட், ஜோர்டன் என்ற இரு மருத்துவர்கள், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது என்று கணிக்கப்பட்டவர்களை இரு பிரிவாக்கினார்கள். உறைவைத் தடுக்கும் மருந்து பெற்றவர்கள் 16 பேர். அவர்களில் ஒருவர்கூட நுரையீரல் அடைப்பால் இறக்கவில்லை. மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அதனாலேயே இறந்தார்கள். வேறு 5 பேருக்கு மீண்டும் அடைப்பு வந்தது. இனியும் ஒரு பிரிவினருக்கு மருந்தை மறுப்பது முறையல்ல என்று ஆய்வை அத்தோடு நிறுத்தினார்கள். காலில் உருவாகும் கட்டி நகர்ந்து போய் அடைக்கும் இடமும் நுரையீரல்தான். எனவே மருத்துவர் இரண்டு ஆபத்துகளை எடைபோடுகிறார். கட்டி இருந்து ஊசி போடாமல் விட்டால் உயிர் போகலாம். கட்டி இல்லாமல் ஊசி போட்டால், ரத்தக்கசிவு அபாயம் இல்லாத ஒருவருக்குப் பெரும்பாலும் வயிற்றில் ஒரு கன்றிய தடம், அவ்வளவே. அந்த ஊசியின் வீரியமும் ஒரு நாளைக்குள் பெரும்பாலும் தணிந்துவிடும்.

சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் காலுக்கும் என்ன தொடர்பு? ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: ரத்த ஓட்டம் தேங்குவது, குழாயின் உட்சுவர் புண்படுவது, ரத்தமே உறையும் சுபாவத்துக்கு மாறுவது. கடும் காய்ச்சல் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிடும். நடக்கும்போதெல்லாம் கெண்டைக்கால் சதை ஒரு பம்பு போலச் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. படுக்கையில் கிடந்தால் அந்தப் பம்பு ஓய்ந்துவிடும். கிருமியோடு நடக்கும் போராட்டத்தில் குழாய்களின் உட்சுவர் அழற்சி அடைகிறது, உறைய வைக்கும் புரதங்கள் ரத்தத்தில் கூடுகின்றன. தண்ணீரும் குடிக்காமல் கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

கொரோனா இதை உலகம் முழுக்க வெளிச்சம் போட்டுக் காட்டியது. ஸ்வீடனில் தொற்று கண்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 2022இல் வந்தது. காலில் கட்டி வரும் அபாயம் மூன்று மாதம் வரையும், நுரையீரல் அடைப்பு அபாயம் ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்தது. பயந்துவிட வேண்டாம்: தொற்றுக்குப் பிந்தைய முதல் மாதத்தில் நுரையீரல் அடைப்பு வந்தவர்கள் பத்தாயிரத்தில் சுமார் 17 பேர்தான். ஆனால் காய்ச்சல் விட்டதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை.

மருத்துவர் முதலில் எடுக்கும் கருவி தையல்காரரின் அளவு நாடாதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கால்களையும் சுற்றளவு எடுப்பார். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கிறது. அடுத்து டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. இதைத்தான் நம் ஆட்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சந்தேகம் குறைவாக உள்ளவருக்கு அளவு 500 ng/mL-க்குள் இருந்தால் கட்டி இல்லை என்று நிம்மதியாகச் சொல்லலாம். கூடுதலாக இருப்பதால் மட்டுமே கட்டி உண்டு என்று ஆகாது. வைரஸ் காய்ச்சலில் அந்த எண் தானாகவே ஏறும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்த எண்ணை வாட்ஸ்அப்பில் ஊருக்கெல்லாம் அனுப்பிப் பீதியைக் கிளப்பாதீர்கள்.

முடிவு சொல்வது டாப்ளர் ஸ்கேன். தொடை இடுக்கில் தொடங்கி முழங்காலின் பின்குழி வரை ஜெல் தடவி, கருவியால் அங்கங்கே அழுத்துவார்கள். நல்ல சிரை, ரப்பர் குழாயை விரலால் அமுக்கினதுபோலத் திரையில் தட்டையாகி மறையும். கட்டி உள்ள இடம் எவ்வளவு அழுத்தினாலும் வட்டமாகவே நிற்கும். இதைப் பார்த்த பிறகு அந்தக் காலை நீவச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஸ்கேன் சுத்தமாக வந்தால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். சந்தேகம் தீராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி எடுப்பதுண்டு.

கட்டி உறுதியானால், வழக்கமாகக் குறைந்தது மூன்று மாத மருந்து. “ரத்தத்தை இளக்கும் மாத்திரை” என்று நாம் சொல்வது பொருத்தமில்லாத பெயர். அது ரத்தத்தை இளக்குவதுமில்லை, கட்டியைக் கரைப்பதுமில்லை. கட்டி வளராமலும் புதிதாக உருவாகாமலும் காவல் காக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே செய்துகொள்ளும். இவற்றில் பழையதான வார்ஃபரினின் கதை விசித்திரமானது. கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் அமெரிக்காவில் ரத்தம் கசிந்து செத்தன. அதற்குக் காரணமான வேதிப்பொருளிலிருந்து பிறந்ததை முதலில் எலிமருந்தாக விற்றார்கள், பிறகுதான் மனிதருக்கு. இதையோ, இதன் இனத்தைச் சேர்ந்த அசிட்ரோமையோ சாப்பிடுபவர்கள் முருங்கைக்கீரையை ஒரு வாரம் வெளுத்துக்கட்டி மறுவாரம் விட்டுவிடக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது. ரிவராக்சபானின் 15, 20 மி.கி. மாத்திரைகளைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது.

டெங்கு மட்டும் தனிக் கதை. அதில் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் கசியும் ஆபத்து உண்டு. அந்த நேரத்தில் உறைவுத் தடுப்பு மருந்து வினையாகலாம். எனவே ஊசிக்கு முன் தட்டணு எண்ணிக்கை பார்த்தாயிற்றா என்று கேளுங்கள், தப்பில்லை. அதேபோல, மாத்திரை சாப்பிடும் காலத்தில் உடம்புவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்காதீர்கள். வயிற்றில் ரத்தம் கசியலாம். பல் பிடுங்கப் போனாலும் இந்த மருந்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள்.

திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், மயக்கம் - இவற்றில் ஒன்று வந்தாலும் 108ஐ அழையுங்கள். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த அட்டையை வாங்கி வையுங்கள். புதிய மாத்திரைகளின் காவல், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நாள்தான்.