நொண்டும் கோழிக்கு கத்தி தான் வைத்தியமா? மூன்று வாரம் தவணை கொடுத்தால் காலும் நிற்கும், முட்டையும் நிற்காது!

சென்னையில் காலொடிந்த கோழிக்கு வழக்கமாக ஒரே தீர்ப்பு தான். அது மரண தண்டனை!

காலையில் கூடையைத் தூக்குகிறார்கள். நேற்று வரை ஓடிய பெட்டை ஒற்றைக் காலில் நிற்கிறது. "அறுத்து குழம்பு வெச்சிடு" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. "ஐயோ, வேணாம் ஆயா" என்று குழந்தை அழுகிறது. அன்று மாலைக்குள் வழக்கு முடிந்து விடுகிறது.

ஆனால் கணக்குப் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம். ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு சுமார் 60 முதல் 80 முட்டை வரை இடும். அடைக்கு வைத்தால் குஞ்சும் பொரிக்கும். இட்லிக்கடை, காய்கறிக் கூடை என்று பிழைக்கும் வீட்டில் அது கைச்செலவுக்கு ஆகும் காசு. ஒரு வேளைக் குழம்போடு அத்தனையும் போய் விடுகிறது.

முட்டை குஞ்சாக 21 நாள் ஆகும். ஒடிந்த கால் எலும்பு கூடவும் ஏறக்குறைய அதே மூன்று வாரம் தான். அந்தத் தவணையைக் கொடுக்கத் தான் ஆளில்லை!

குற்றவாளி யார்?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு சந்துகளில் கோழிக்கு எதிரிகள் பலர். வேகமாக வரும் டூவீலர், தெருநாய், காற்றில் அடித்துச் சாத்தும் கதவு, குப்பையில் கிடக்கும் ஆணி, கண்ணாடித் துண்டு.

கண்ணுக்குத் தெரியாத எதிரி நூல். அறுந்து விழுந்த பட்டத்தின் மாஞ்சா, தையல் கடை நைலான் நூல், ஏன், தலைமுடி கூட போதும். கிளறும் போது விரலில் சுற்றிக் கொள்ளும். நாளாக ஆக இறுகி, சதைக்குள் இறங்கி, விரலே அழுகி விழும். நைலான் மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017ல் நாடு முழுவதும் தடை போட்டது. மனிதர் கழுத்தை அறுக்கிறது என்று தான் எல்லோருக்கும் தெரியும். கோழிக் காலையும் அது விடுவதில்லை.

தலைகீழ் சவாரி

சந்தையில் வாங்கியதும் இரண்டு காலையும் கட்டி, சைக்கிள் ஹேண்டில் பாரில் தலைகீழாகத் தொங்க விட்டுக் கொண்டு வருவது பழைய வழக்கம். வீடு வந்து சேரும் போது கால் வீங்கியிருக்கும். சில சமயம் மூட்டே பிசகியிருக்கும். "வாங்கும் போதே நொண்டி" என்று கடைக்காரர் மேல் பழி போகும்!

வேதனை தரும் விதத்தில் பிராணிகளைக் கொண்டு போவது 1960ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவை மாட்டினால் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். இந்தத் தொகைக்கு யார் பயப்படுவார்? காற்றோட்டமான கூடையோ அட்டைப் பெட்டியோ கொண்டு போனால் சட்டமும் வேண்டாம், வைத்தியமும் வேண்டாம்.

முதல் சோதனை

நொண்டும் கோழியைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. இருட்டிய பிறகு பிடித்தால் அடங்கி வரும். துண்டில் சுற்றி, கண்ணை மூடினால் அமைதியாகி விடும். நெஞ்சை அழுத்தக் கூடாது. நெஞ்செலும்பு அசைந்தால் தான் கோழிக்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தே கொன்று விடலாம்.

இரண்டு காலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எங்கே வீக்கம்? எங்கே சூடு? விரல் இடுக்கில் நூல் இருக்கிறதா? விரலை லேசாகக் கிள்ளினால் காலை இழுத்துக் கொள்கிறதா? இழுத்தால் நரம்பில் உயிர் இருக்கிறது.

ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். புண்ணை உப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மஞ்சள் பூசுவதெல்லாம் கழுவிய பிறகு தான். அழுக்கின் மேல் மஞ்சள் பூசிப் பலனில்லை.

எலும்பு ஒடிந்தால்

செதில் உள்ள கீழ்க்கால் ஒடிந்திருந்தால் கட்டுப் போடலாம். பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்து, மேலே பேண்டேஜ். விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். காலையும் மாலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரல் ஜில்லிட்டாலோ, நீலம் பாய்ந்தாலோ கட்டு இறுக்கம். உடனே தளர்த்த வேண்டும்.

தொடை ஒடிந்தாலோ, எலும்பு வெளியே நீட்டிக் கொண்டிருந்தாலோ வீட்டு வைத்தியம் உதவாது. எலும்பை உள்ளே தள்ளவும் கூடாது. ஈரத்துணி போர்த்தி ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியது தான்.

மற்ற கோழிகளோடு விடக் கூடாது. ரத்தத்தைக் கண்டால் சொந்தக் கூட்டமே கொத்தும்! பழக்கடை அட்டைப் பெட்டியில் கோணி விரித்து, தண்ணீரும் நொய்யும் வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். செய்தித்தாள் விரித்தால் வழுக்கும். பத்திரிகை படிக்க மட்டும்!

எச்சத்தைத் தினமும் மாற்ற வேண்டும். விட்டால் ஈ மொய்த்து புண்ணில் புழு வைக்கும்.

பாதத்தில் கட்டி

உள்ளங்காலில் வீங்கி, நடுவே கறுப்பாக ஒரு பொருக்கு இருந்தால் அது ஒடிவு அல்ல. முள்ளோ சிம்போ குத்திய இடத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டியிருக்கிறது. கனமான கோழி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் குதித்தாலும் வரும். பிளேடு எடுத்து வீட்டில் அறுப்பது ஆபத்து. டாக்டர் வேலை அது.

அடி அல்ல, நோய்!

ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டிப் படுத்திருக்கும் இளங்கோழிக்கு அடிபட்டிருக்காது. அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். 1907ல் இதை எழுதி வைத்த ஹங்கேரி டாக்டர் ஜோசப் மாரெக் பெயரில் வழங்குகிறது. வந்த பின் மருந்து இல்லை. பொரித்த முதல் நாளே தடுப்பூசி போட்டால் தான் தப்பும்.

கழுத்து திருகி, பச்சையாகக் கழிந்து, ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். கால்நடைத் துறை பிப்ரவரியில் இதற்கு இருவார தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். கோழிகள் திடீரென்று கும்பலாகச் செத்தால் கையால் தொடாமல் துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்.

மாத்திரை வேண்டாம்

வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பது பெரிய தவறு. டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006ல் கால்நடை வைத்தியத்தில் அந்த மருந்துக்குத் தடை வந்தது. கழுகே தாங்காததைக் கோழி தாங்குமா?

டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்தால், எத்தனை நாளைக்கு முட்டையும் கறியும் ஆகாது என்று கேட்டுக் கொள்ள வேண்டும். அது கோழிக்கல்ல, குழந்தைகளுக்கு நல்லது.

எங்கே போவது?

வேப்பேரியில் 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாயோடும் பூனையோடும் நிற்கிற வரிசையில் கோழிக்கூடையோடு நிற்க வெட்கப்பட வேண்டியதில்லை. கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் உண்டு.

எல்லாக் கோழியும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. நரம்பு செத்து, தீனி எடுக்காமல், கிடந்த இடத்திலேயே புண்ணாகிப் போனதை வேதனையிலிருந்து விடுவிப்பது தான் தர்மம். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

தீனி எடுக்கிற கோழியா? கத்தியை மூன்று வாரம் எரவாணத்தில் சொருகி வையுங்கள்!