தோளில் ஏறிய வேதாளம்



இலங்கை மலையகத்தில் புசல்லாவை மாதிரி தோட்டப் பக்கங்களில் இருட்டியதும் லயத்து வாசலைத் தாண்டப் பிள்ளைகளுக்குக் கால் வராது. தேயிலை ஸ்டோர் பக்கம் ரோதைமுனி, மலைப் பக்கம் இன்னொரு முனி. காவல் தெய்வங்கள்தான், இருந்தாலும் பயம் பயம்தானே!

இதே பயத்தை மாதாமாதம் அச்சில் தந்தது 1947இல் தொடங்கிய சிறுவர் இதழ் ‘அம்புலிமாமா’. கையில் வாளும் தோளில் வேதாளமுமாக மன்னன் விக்கிரமன் சுடுகாட்டில் நடக்கிற அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். வேதாளத்தின் குரல் எப்படி இருக்கும், சுடுகாட்டில் என்ன வாடை அடிக்கும் என்பதெல்லாம் வாசிக்கிற பிள்ளையின் பொறுப்பு. அவரவர் தாங்குகிற அளவுக்குத்தான் கற்பனையும் போகும்.

அந்த இதழை நடத்திய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1951இல் ‘பாதாள பைரவி’ படத்தைத் தயாரித்தவர்கள். மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ் வந்து நின்றதும் பயத்துக்கு முகமும் குரலும் கிடைத்துவிட்டன. அளவை இனித் திரைதான் தீர்மானிக்கும்.

திரை தரும் பயம் வயதுக்கு வயது மாறும். அமெரிக்க ஆய்வாளர் ஜோஆன் கேன்டர், ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்த பிள்ளைகளைக் கவனித்தார். மனிதன் பச்சை உருவமாக மாறும் இடத்தில் சின்னதுகள் மிரண்டன. அவன் நல்லவன் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. பெரிய பிள்ளைகளுக்கு எட்டியது.

ஆகவே நாலு வயதுப் பிள்ளை கண்ணைப் பொத்தினால், “சும்மா நடிப்புதான்” என்று விளக்கிக்கொண்டிருக்காமல் மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயதுக்கு அதுதான் எடுபடும்.