லட்சுமி படத்தை எங்கே மாட்டினார்கள்?

ராஜா ரவி வர்மா (1848–1906) என்றதும் ஓவிய மாணவர்களுக்கு எண்ணெய் வண்ணம், ஐரோப்பிய ஒளி-நிழல் முறை, 1873 வியன்னா கண்காட்சிப் பரிசு ஆகியவைதான் நினைவுக்கு வரும். இது கலை வரலாறு. அவருடைய ஓவியம் அச்சாகிக் கடைத்தெருவுக்கு வந்து, யார் வீட்டுச் சுவரில் ஏறியது, அங்கே என்னவாக மாறியது என்று கேட்பது காட்சிப் பண்பாட்டு ஆய்வு. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் ரவி வர்மாவைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து.

1894இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லச்சு முறை: ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல், ஒன்றின் மேல் ஒன்றாகப் பதியப் பதியப் படம் உருவாகும். அரண்மனைச் சுவரில் இருந்தது காகிதத்தில் இறங்கியது. அவருடைய சொந்த நாடான திருவிதாங்கூரில் எல்லாச் சாதியினருக்கும் கோயில் திறந்தது 1936இல்தான். அதற்கு முன்பே, கோயிலுக்குள் விடப்படாதவரும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாகத் தெய்வ உருவம் ஆகிவிட்டது. எனக்கு இது தூரிகை நுட்பத்தைவிடப் பெரிய செய்தி.

ஆனாலும் தூரிகையை விட்டுவிட முடியாது. காலில் முள் தைத்ததுபோல் திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் நம்மைப் பார்ப்பதில்லை. கதையை நாம் வெளியே நின்று பார்க்கிறோம். 1896இல் வரைந்த லட்சுமியோ தாமரையில் நின்று நம்மை நோக்குகிறாள். அந்த நேர்ப்பார்வை இருப்பதால்தான் அச்சுப்படத்தின் முன் விளக்கேற்ற முடிந்தது. சிலர் அச்சின் மேல் ஜரிகையும் துணியும் ஒட்டித் தேவிக்குப் புடவையே கட்டினார்கள்.

கொழும்பில் பிறந்த கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி, ரவி வர்மாவின் புராணப் படங்களில் நாடகத்தன்மை மிகுந்திருக்கிறது, இந்திய உணர்வு இல்லை என்று கடுமையாக விமர்சித்தார். ஓவியமாக மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. வாங்கியவர்கள் அந்தப் படங்களை என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த விமர்சனத்தில் இடமில்லை.

அந்த நாடகத்தன்மை நம் ஊரில் வேறு வழியாகவும் வந்தது. கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியே காலண்டர்களாகத் தமிழ்நாடெங்கும் போயின. மேலே முருகன், கீழே ஜவுளிக்கடைப் பெயர், அதற்கும் கீழே கிழிக்கும் தேதித்தாள். ஆண்டு முடிந்ததும் கடைப் பெயரை வெட்டிவிட்டுப் படத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போடுவது பல வீடுகளில் வழக்கம். விளம்பரம் வழிபாட்டுக்கு உரியதாவது அந்தக் கத்தரிக்கோலில்தான். எந்தக் கடை, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற தடயமும் அதோடு போய்விடுகிறது. பழைய காலண்டர் கையில் கிடைத்தால் வெட்டாமல் முழுத்தாளாகவே பாதுகாத்து வையுங்கள்.